மஸ்டாங் ஜிடிக்கு எந்த டிரைவ்ஷாஃப்ட்: அலுமினியமா, கார்பன் ஃபைபரா?

2015 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி காரின் எஞ்சின் டார்க் (சுழற்றும் விசை) 542 நியூட்டன் மீட்டர். மேனுவல் கியர்பாக்ஸின் முதல் கியர் (3.66) அதைச் சுமார் 1,980 நியூட்டன் மீட்டராகப் பெருக்கி, பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாயான டிரைவ்ஷாஃப்டுக்கு அனுப்புகிறது. அதோடு எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை அழுத்தித் தரும் சூப்பர்சார்ஜரும் டிராக் டயரும் சேர்ந்தால், கம்பெனி கொடுத்த இரண்டு துண்டு ஸ்டீல் ஷாஃப்டை நம்பக் கூடாது.

சாலையில் ஓட்டும் காருக்கு ஒற்றைத் துண்டு அலுமினியத்தைத்தான் சொல்வேன். எடை குறையும், கார்பனைவிட விலையும் குறைவு, கல்லடியையும் தாங்கும். அப்புறம் சிக்கல் எங்கே? வேகத்தில்தான். நீளமான குழாய் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தைத் தொட்டால் வில்லாக வளைந்து அதிரும். குழாயின் பொருள் எடைக்கேற்ப எவ்வளவு விறைப்பானதோ, அந்த அளவுக்கு இந்த வேக எல்லை தள்ளிப்போகும். அதில் அலுமினியமும் ஸ்டீலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கார்பன் ஃபைபருக்கு அந்த விறைப்பு அதிகம் என்பதால் எல்லையும் உயரும். உச்ச வேகம் தேடுபவர்கள் அதற்குச் செலவழிக்கலாம். எக்ஸாஸ்ட் சூட்டிலிருந்து மட்டும் கார்பன் ஷாஃப்டைக் காக்க வேண்டும்.

எதைப் போட்டாலும் சரி, ஷாஃப்ட் உடைந்தால் தரையில் விழாமல் பிடிக்கும் பாதுகாப்பு லூப் (வளையம்) இல்லாமல் டிராக்கில் இறங்காதீர்கள்.