செராஸ் ஹோஸ்பிஸ் மலேசியா: அம்மாவைப் பார்க்க வந்தவர்கள் அக்காவையும் கவனித்தார்கள்

புற்றுநோய் முற்றிப்போன ஒருவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறீர்களா? கோலாலம்பூர், கிள்ளான் பள்ளத்தாக்குப் பக்கம் என்றால் முதலில் ஹோஸ்பிஸ் மலேசியாவைக் கூப்பிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். நோய் முற்றியவர்களின் வலியைத் தணித்துக் கவனிப்பதற்காக 1991-இல் ஆரம்பித்த தொண்டு நிறுவனம், ஆபீஸ் செராஸில். டாக்டரும் மிஸ்ஸியும் (நர்ஸ்) வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், கட்டணம் கிடையாது.

எங்கள் வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொண்டது அக்கா. வேலையை விட்டுவிட்டு செந்தூல் பிளாட்டிலேயே கிடந்தாள். சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வருவார்கள், "அம்மாவுக்கு எப்படி இருக்கு?" என்று அவளிடமே கேட்டுவிட்டு டீ குடித்துக் கிளம்புவார்கள். அந்த டீயையும் அவளே போட வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

முதல் நாள் வந்த மிஸ்ஸி, அம்மாவின் வலி, தூக்கம், வயிறு எல்லாம் விசாரித்து முடித்த கையோடு அக்கா பக்கம் திரும்பி, "நீங்க பசியாறிட்டீங்களாக்கா? ராத்திரி எத்தன தடவ எழுந்திருக்கிறீங்க?" என்று கேட்டார். தனக்கு இடுப்பு வலி உயிர் போகிறது என்று அக்கா வாயைத் திறந்ததே அப்போதுதான். மிஸ்ஸி ஆறுதல் சொன்னதோடு விடவில்லை. ஒரு பெட்ஷீட்டை மடித்து, அம்மாவின் தோளிலிருந்து தொடை வரைக்கும் அடியில் வருகிற மாதிரி போட்டு, ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்று இழுத்தார், அம்மா அலுங்காமல் ஒருக்களித்துவிட்டார். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒன்று. அக்காவைச் செய்யச் சொன்னார், என்னையும் செய்ய வைத்தார். படுக்கைப்புண் வராமலிருக்க ராப்பகலாகப் புரட்டிப் போட வேண்டிய உடம்பை, அதுவரை அக்குளில் கை கொடுத்துத் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்தாள் அவள்.

வலிக்கு மார்ஃபின் மருந்து என்றதும் எல்லோருக்கும் பயம், "கொடுத்தா சீக்கிரம் போயிருவாங்க" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வலிக்குத் தகுந்த அளவில் கொடுத்தால் அப்படி ஆகாது, மலச்சிக்கல் வரும், அதற்குக் கூடவே மருந்து தருவோம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். சக்கர நாற்காலி போன்ற சாமான்களை இரவல் கொடுக்கிறார்கள். பதிவு செய்த பிறகு நடுராத்திரியிலும் போன் பண்ணிக் கேட்கலாம், தனியாக விழித்திருப்பவளுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம்!

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், இவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள், தங்கிப் பார்க்கிறவர்கள் இல்லை. குளிப்பாட்டுவதும் டயப்பர் மாற்றுவதும் வீட்டு ஆள்தான். அதனால் அண்ணன் தம்பிகள் வாரத்தில் ஒரு ராத்திரியாவது முறை வைத்து வந்து படுங்கள், அவள் தூங்கட்டும். அப்புறம், இந்தச் சேவையில் சேர டாக்டர் கடிதம் வேண்டும். நாங்கள் அலைந்த ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு சேவை இருப்பதை யாரும் சொல்லவே இல்லை, எத்தனையோ ராத்திரி அம்மா வலியில் துடித்த பிறகுதான் தெரிந்தது. நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். பினாங்கிலும் வீட்டுக்கு வரும் ஹோஸ்பிஸ் சேவை உண்டு.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு சமூகநல இலாகா மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு, டாக்டரின் உறுதிச்சான்றும் வேண்டும். சம்பளத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு அது எந்த மூலைக்கு என்பது வேறு விஷயம், ஆனாலும் மனு போடுங்கள். அலைய அவளுக்கு நேரமிருக்காது, பாரத்தை நீங்களே வாங்கி நிரப்பிக் கொடுங்கள்.

ஹோஸ்பிஸ் மலேசியா பெரும்பாலும் நன்கொடையில் ஓடுகிறது. நாங்கள் அம்மாவின் பதினாறாம் நாள் செலவைக் குறைத்து அங்கே கொடுத்தோம், முடிந்தவர்கள் கொடுங்கள்.