மெஷ் வைஃபை: எங்கள் வீட்டு மாடிப்படி தவிர எல்லா இடத்திலும் நன்றாக எடுக்கிறது

திண்டுக்கல்லில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் சித்தப்பா மகன் போன வாரம் போனில் கேட்டான்: "அண்ணே, நீங்க வாங்கின அந்த மெஷ் செட்டு இப்ப நல்லா விலை இறங்கிக் கிடக்கு. வாங்கிப் போட்டுரவா?" சட்டென்று பதில் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். (மெஷ் என்றால் வீட்டில் அங்கங்கே வைத்த சில யூனிட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, ஒரே பெயரில் வைஃபை தருவது.) எழுத உட்கார்ந்தால் அது பாட்டுக்கு நீண்டுவிட்டது. எத்தனை ஆன்டெனா, எத்தனை சதுர அடி தாங்கும் என்பதெல்லாம் பெட்டி மேலேயே அச்சடித்திருக்கும், அதற்குள் போகவில்லை. பிராண்ட் பெயரையும் சொல்லப்போவதில்லை. கீழே திட்டியிருப்பதில் பாதி எங்கள் வீட்டின் அமைப்புக்குச் சேர வேண்டியது.

மதுரையில் எங்களுடையது கீழ்த்தளம், மாடி, அதற்கு மேல் மொட்டைமாடியில் ஓர் அறை. சுவரெல்லாம் 9 அங்குலச் செங்கல். ஃபைபர் தெருப் பக்கமாக வருகிறது என்பதால், இணைப்பு கொடுக்க வந்தவர் பெட்டியை முன்ஹாலில் டிவிக்குப் பின்னாலேயே மாட்டிவிட்டுப் போனார். என் வேலை மேசை மாடியில், பின்பக்க அறையில். நடுவில் ஒரு சுவர், ஒரு இரும்பு பீரோ, கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். இத்தனையையும் தாண்டி வைஃபையின் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வருவதில்லை. 2.4 வரும், ஆனால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள். அதில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. எங்கள் தெருவில் வீடுகள் அதைவிட அதிகம்.

மெஷ்ஷுக்கு முன்னால், சிக்னலை வாங்கி நீட்டித் தரும் எக்ஸ்டெண்டர் ஒன்று இருந்தது. கீழே ஒரு வைஃபை பெயர், மேலே இன்னொரு பெயர். அதைப் பற்றி அவ்வளவு போதும்.

மூன்று யூனிட் செட் வாங்கியதும் ஒன்று முன்ஹாலில், ஒன்று மாடியில் படி ஏறி முடியும் இடத்தில், ஒன்று மொட்டைமாடி அறையில் என்று வைத்தேன். இடம் தேர்ந்தெடுக்கும்போது கண்டுகொண்ட விஷயம் ஒன்று உண்டு, தம்பிக்கு அது உதவும். தளம் முழுக்கக் கான்கிரீட் மூடியிருக்கிற வீட்டில் மாடிப்படிக்காக விட்ட திறப்பு ஒன்றுதான் ஓட்டை. அலைக்கும் அதுதான் நல்ல வழி. நடு யூனிட்டைப் பின்பக்க அறையில் வைத்தபோது கீழே இருப்பதோடு அதற்குச் சரியான தொடர்பே கிடைக்கவில்லை. படி உச்சிக்குக் கொண்டுவந்த அன்றே அதன் விளக்கு பச்சையாகிவிட்டது. கடைகளில் 'அறைக்கு ஒன்று' என்று சொல்லி விற்பார்கள். எங்கள் ஊர் வீடுகளில் அறையைப் பார்க்க வேண்டாம், படிக்கட்டைப் பார்த்து வையுங்கள்.

வேகம் பற்றி. என்னுடையது இரண்டு அலைவரிசை மட்டும் உள்ள சாதாரண செட். இந்த வகையில் நடு யூனிட் கீழிருந்து வாங்குவதும் என் லேப்டாப்புக்குக் கொடுப்பதும் பெரும்பாலும் ஒரே ரேடியோவில். வாங்கும்போது கொடுக்க முடியாது, கொடுக்கும்போது வாங்க முடியாது. அதனால் யூனிட் விட்டு யூனிட் போகும் ஒவ்வொரு தாவலிலும் வேகம் சுமார் பாதியாகிவிடும். மூன்றாவது அலைவரிசையைத் தங்களுக்குள் பேசுவதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் செட்டுகளில் இந்தத் தொல்லை குறைவு, விலை கூடுதல். எங்கள் வீட்டுக்கு வருவது 200 எம்பிபிஎஸ். என் மேசையில் அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. அலுவலக மீட்டிங்குக்கு அது தாராளம். முகம் உறைந்து நின்று "ஆடியோ கேக்குதா?" என்று கேட்கும் ஆளாக நான் இருந்த காலம் போனது. இதற்காகவே இந்தச் செட்டுக்கு என்றைக்கும் நன்றி சொல்வேன்.

எதிர்பார்க்காமல் கிடைத்த சுகம் மொட்டைமாடி. அம்மா கூழ் வற்றல் ஊற்றும்போது பக்கத்தில் போனை வைத்துச் சொற்பொழிவு கேட்கிறார். சித்திரை மாதத்தில் ராத்திரி வீட்டுக்குள் இருக்க முடியாமல் எல்லோரும் மேலே பாய் விரித்தால் மகன் அங்கேயே கிரிக்கெட் போட்டுவிடுகிறான். கேட் பக்கம் இருக்கிற கேமராவும் இப்போது அறுவதில்லை. (அந்தக் கேமரா 2.4 மட்டும்தான் பிடிக்கும். செயலியில் அதற்கென்று தனிப் பெயரில் 2.4 நெட்வொர்க் ஒன்றைத் திறந்துவிட்டுச் சேருங்கள், ஒரு மாலைப்பொழுது மிச்சமாகும்.)

சரி, இப்போது மாடிப்படி.

அப்பா தினமும் இரவு சாப்பிட்டபின் துபாயில் இருக்கும் தங்கையோடு வீடியோ கால் பேசிக்கொண்டே கீழிருந்து மொட்டைமாடிக்கு ஏறுவார். முதல் மாடிவரை ஒன்றும் ஆகாது. அங்கிருந்து மேலே போகும் படியின் திருப்பத்தில் தங்கையின் முகம் கட்டம் கட்டமாக உடையும், குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஆகும். அப்பா "ஹலோ... ஹலோ" என்று இரண்டு படி கீழே இறங்குவார். உடனே சரியாகிவிடும். திரும்ப ஏறினால் திரும்பப் போகும். மொட்டைமாடிக் கதவைத் தாண்டிவிட்டால் தானாகவே தெளிந்துவிடும் என்று எத்தனை முறை சொன்னாலும் அந்தத் திருப்பத்தில்தான் நிற்பார். நின்று, கீழே இருக்கும் எனக்குக் கேட்கிற மாதிரி, "இதுக்கா இவ்வளவு காசு கொடுத்தான்?" என்று தங்கையிடம் கேட்பார்.

காரணம் தெரியாமல் இல்லை. எந்த யூனிட்டோடு ஒட்டுவது, எப்போது விட்டுத் தாவுவது என்று முடிவு செய்வது போன்தான், மெஷ் அல்ல. உள்ளே இடம் காலியாக இருந்தாலும் படிக்கம்பியை விடாமல் தொங்கும் பஸ் பயணி மாதிரி, சிக்னல் கந்தலாகிற வரைக்கும் சில போன்கள் பழைய யூனிட்டை விடுவதில்லை. ஆப்பிள் தன் ஐபோனுக்கு வைத்திருக்கும் கணக்கு வெளிப்படையானது: சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்கு (சிக்னல் வலிமையை அளக்கும் அலகு) கீழே இறங்கினால்தான் அது வேறு யூனிட்டைத் தேடவே ஆரம்பிக்கும். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது புதியது குறைந்தது 8 டெசிபலாவது மேலாக இருந்தால்தான் தாவும். மற்றக் கம்பெனிகளுக்கு அவரவர் கணக்கு. அப்பாவின் போனுடைய கணக்கு என்ன என்பது அந்தப் படித் திருப்பத்துக்குத்தான் வெளிச்சம்.

மெஷ்ஷால் செய்ய முடிந்தது சிபாரிசு மட்டும். 802.11 என்ற வைஃபை தரத்தில் கே, வி, ஆர் என்று மூன்று ஏற்பாடுகள் இதற்காக இருக்கின்றன. கே பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று போனுக்குப் பட்டியல் தரும். வி 'அங்கே போனால் நல்லது' என்று எடுத்துச் சொல்லும். ஆர், தாவும்போது கடவுச்சொல் சரிபார்ப்பைச் சுருக்கி முடிக்கும். எங்கள் செட்டில் 'ஃபாஸ்ட் ரோமிங்' என்ற பொத்தானைத் தட்டினால் ஆர் வேலை செய்யும். தட்டினேன். அப்பாவின் வீடியோ கால் கொஞ்சம் தேவலை என்று ஆனது, பழைய பிரிண்டர் வைஃபையை விட்டே ஓடிவிட்டது. பழைய சாதனங்களில் சிலதுக்கு இந்த ஆர் ஒத்துக்கொள்வதில்லை. மகனுடைய பள்ளி புராஜெக்ட் மறுநாள் தர வேண்டியிருந்தது, ஆகவே பொத்தானை அணைத்தேன். அப்பாவின் போனை மட்டும் மொட்டைமாடி யூனிட்டோடு கட்டிப்போடவும் செயலியில் வழி இருந்தது. படியில் பிரச்சினை தீர்ந்தது, வாசல் திண்ணையில் வந்தது.

எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். நடு யூனிட்டின் ஒலிபரப்பு வலிமையைக் கொஞ்சம் குறைத்தால் போதும், போன் இன்னும் சீக்கிரம் அதை விட்டு மேலே தாவும். அலுவலகங்களில் வைஃபை போடுகிறவர்கள் முதலில் செய்வது இதைத்தான். வீட்டுக்கு விற்கிற என் செட்டில் அந்த வசதியே கிடையாது. சேனலைக் கையால் மாற்றவும் விடுவதில்லை. 'நெட்வொர்க்கைச் சீராக்கு' என்று ஒரு பொத்தான் மட்டும் இருக்கிறது. அதை அழுத்தினால் வட்டம் ஒன்று சுற்றிவிட்டு, எல்லாம் சிறப்பாக இருப்பதாகச் சொல்லும். படியில் அப்பா "ஹலோ" என்று கத்திக்கொண்டிருக்கும்போதும் அதையேதான் சொல்லும். வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் ரீசெட் செய்யச் சொல்கிறார்கள்.

இனி மின்சாரம். ரவுட்டர் ஒன்றாக இருந்தபோது அதற்கு ஒரு 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் போதுமாக இருந்தது. இப்போது ஃபைபர் பெட்டியோடு சேர்த்து நான்கு சாதனங்கள். வீட்டு இன்வெர்ட்டர் மாறுகிற அந்த நொடியில் கீழ் யூனிட் அணைந்து எழுந்தால், மேலே இரண்டும் கரண்ட் போகாமலேயே அநாதையாக நின்று அதற்காகக் காத்திருக்கும். ஆகவே ஃபைபர் பெட்டிக்கும் கீழ் யூனிட்டுக்கும் கட்டாயம் யுபிஎஸ் வையுங்கள், மற்றது வசதிப்படி. சென்ற மாதம் மொட்டைமாடி யூனிட்டின் அடாப்டர் வெயிலில் செத்தது. கம்பெனியில் முழு யூனிட்டையும் அனுப்பச் சொன்னார்கள். கடையில் அதே 12 வோல்ட்டுக்கு, ஆம்பியர் குறையாமல், பின் அளவு பொருந்துகிறதா என்று பார்த்து ஒன்று வாங்கி மாட்டினேன். ஓடுகிறது.

வேகப் பிரச்சினை தீர்ந்தது கடைசியில் வயரால். 'வயர் வேண்டாம்' என்று விற்ற சாதனத்துக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வெளிச்சுவரில் சன்ஷேடு ஓரமாக பிவிசி பைப் அடித்து, கீழிருந்து நடு யூனிட்டுக்கு கேட்-6 என்ற நெட்வொர்க் கேபிள் இழுத்தேன். இழுத்த அன்று வேகம் 95-க்கு மேல் ஏறவே இல்லை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், ஒரு கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் சரியாக ஒட்டியிருக்க வேண்டும். ஏதோ ஒரு கம்பி முனையில் ஒட்டவில்லை என்பது அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும். கனெக்டரை வெட்டிவிட்டு மறுபடி கிரிம்ப் செய்ததும் (அழுத்திப் பொருத்தியதும்) 200-ம் அப்படியே மாடிக்கு வந்தது. கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவாகக் கிடைக்கும், வளைத்தால் ஒடியும். மொட்டைமாடி அறைக்கு வயர் இழுக்கவில்லை. வெளியே ஓடும் செம்புக் கம்பி இடிமழைக் காலத்தில் என்ன செய்யும் என்ற பயம்தான்.

ஆகவே தம்பி, இந்தச் செட்டால் என் வேலை நடக்கிறது, அம்மாவின் சொற்பொழிவு நடக்கிறது, கேமரா ஓடுகிறது. திருப்பிக் கொடு என்று யாராவது கேட்டால் கொடுக்க மாட்டேன். இறங்கிய விலைக்கு முன்வாசலுக்கு இன்னொரு யூனிட் வாங்கலாமா என்றுகூட ஓர் எண்ணம் இருக்கிறது. ஆனால் நீ வாங்காதே. நேற்று ராத்திரியும் அப்பா அந்தப் படியில் நின்று என் காசைப் பற்றிப் பேசினார். முந்தாநாள் நீ கேட்டிருந்தால் வாங்கு என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

உனக்கு இன்னும் மேல்தளம் கான்கிரீட் போடவில்லை அல்லவா? சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டும்போதே, கரண்ட் பைப்போடு சேர்க்காமல் தனியாக ஒரு 1 அங்குல பைப்பை ஃபைபர் வரும் இடத்திலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் விடச் சொல். முட்டி வளைவு வேண்டாம், நீள வளைவாகப் போடச் சொல், இல்லாவிட்டால் பின்னால் கேபிள் இழுக்க வராது. உள்ளே ஒரு இழுகம்பியை விட்டு வாயை அடைத்து வைக்கச் சொல், சிமெண்ட் பால் இறங்கிவிடும். மாடிக்கு ஒரு அக்சஸ் பாயிண்ட் (வயரில் வருவதை வைஃபையாகத் தரும் பெட்டி) போதும், பவர் குறைக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து நானே வாங்கித் தருகிறேன். எலக்ட்ரீஷியன் "எதுக்கு சார், இப்ப எல்லாம் வைஃபைதானே" என்பார். அவரிடம் என் நம்பரைக் கொடு.