ரே தீவில் ஒரு வாரம்: மலையகப் பிள்ளைகளுக்கு ஏற்ற இடமா?

இலங்கை மலையகத்தின் கொட்டகலையில் வளரும் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக வாய்ப்புக் குறைவு. வாசலைத் தாண்டினால் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். ஆகவே, பாரிஸில் இருக்கும் தங்கை ஆகஸ்ட் விடுமுறைக்கு பிரான்ஸின் மேற்குக் கரையிலுள்ள ரே தீவில் எங்களுக்கும் சேர்த்து வீடு எடுத்துவிட்டு, "அண்ணா, அங்கே எல்லாரும் சைக்கிளில்தான் திரிவார்கள்" என்றபோது சற்றுத் தயங்கினேன்.

பாரிஸின் மொன்பர்னாஸ் நிலையத்தில் ஏறினால் அதிவேகப் புகையிரதம் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் கரையோர நகரமான லா ரொஷேலில் இறக்கிவிடும். அங்கிருந்து, 1988இல் திறக்கப்பட்ட, மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான பாலம் தீவுக்குள் கொண்டுபோகிறது. நாங்கள் போன கோடையில் காருக்கு 16 யூரோ அறவிட்டார்கள், சைக்கிளுக்கு ஒன்றுமில்லை.

நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான சைக்கிள் பாதைகள் திராட்சைத் தோட்டங்களையும் உப்பளங்களையும் ஊடறுத்துச் செல்கின்றன. பெரும்பகுதியில் மோட்டார் வாகனத் தொல்லை இல்லை. நிலம் தட்டையோ தட்டை. அப்படியிருந்தும், இரண்டு நாளில் ஓட்டப் பழகிவிட்ட என் மகன் வாய்க்கால்களின் மேலுள்ள சின்னஞ்சிறு பாலங்களைக் கண்டதும் இறங்கித் தள்ளிக்கொண்டே போனான். ஏற்றம் என்றால் இறங்க வேண்டும் என்பது அவனுக்கு ஊர்ப் பழக்கம். தீவின் மேற்கு முனையில் 1854இல் கட்டப்பட்ட பலேன் கலங்கரை விளக்கத்தில் கதை மாறியது. அதன் 257 படிகளையும் தேயிலைத் தோட்டத்துப் படிகளில் பழகிய எங்கள் பிள்ளைகள் மூச்சு வாங்காமல் ஏறிவிட்டார்கள். தங்கையின் பாரிஸ் பிள்ளைகள்தான் பாதியில் உட்கார்ந்தார்கள்.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தவை உப்பளங்கள். களிமண் பாத்திகளில் கடல்நீர் வெயிலிலும் காற்றிலும் வற்ற, மேற்பரப்பில் மெல்லிய ஆடைபோல் படரும் வெண்ணிற உப்பைத் தொழிலாளி நீண்ட கோலால் அலுங்காமல் வழித்தெடுக்கிறார். அடியில் படிவது களிமண் சேர்ந்து சாம்பல் நிறமாக இருக்கும், விலையும் குறைவு. கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் படைப் பொறியியலாளர் வோபனின் கோட்டைமதில் சூழ்ந்த சேன் மார்த்தன் துறைமுகம் அழகானது, ஆனால் ஆகஸ்டில் நெரிசல் மிகுதி. அங்கே பூச்சிக் கடிக்கு அஞ்சிக் கழுதைகளுக்குக் காற்சட்டை போடும் பழைய வழக்கத்தை இன்றும் காட்டுகிறார்கள். மகளுக்குப் பயணத்தில் பிடித்தது அதுதான். உணவாகப் பரிமாறிய சிப்பியைப் பிள்ளைகள் தொடவில்லை. தேயிலை நாட்டிலிருந்து போகிறவர்கள் உணவகத்தில் தேநீர் கேட்காமல் இருப்பது மனத்துக்கு நல்லது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நாங்கள் சைக்கிள் எடுத்த வாடகைக் கடையில் ஒன்றின் பிரேக் முதல் நாளிலிருந்தே உரசியது. மாற்றித் தர ஒரு நாள் இழுத்தடித்தவர்கள், திருப்பிக் கொடுக்கும்போது பழைய கீறலுக்கு முற்பணத்தில் கழித்துக்கொண்டார்கள். எடுக்கும்போதே எல்லாப் பக்கமும் படம் பிடித்து வையுங்கள். கலங்கரை விளக்கத்துக்குக் காலையிலேயே புறப்படுங்கள். எங்களுக்குப் போகும்போது எதிர்க்காற்று, அதுதான் அந்தத் தீவில் நாங்கள் கண்ட ஒரே ஏற்றம். திரும்பும்போது மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை.