வேப்பேரி கால்நடை மருத்துவமனை: எங்கள் மல்லியைத் தூக்கிக்கொண்டு போன அனுபவம்

நாய்க்கு உடம்பு சரியில்லை என்று தேடி இங்கே வந்திருந்தால் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அதன் மேலுதட்டை மெதுவாகத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிடவேண்டும். ஈறே கறுப்பாக உள்ள நாய் என்றால் கண்ணின் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் வண்டி பிடித்துக் கிளம்பிவிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் மல்லி மூன்று நாள் கூடுதலாகத் துன்பப்பட்டிருக்காது.

மல்லி நாட்டு நாய். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு ஜாபர்கான்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சேறு காய்ந்த உடம்போடு கிடந்த குட்டி. வறுத்த கொத்தமல்லி நிறம், அதனால் அந்தப் பெயர். நாய் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதல் வருடம் வாசற்படி, அடுத்த வருடம் கூடம், இப்போது அம்மாவின் கட்டிலுக்குக் கீழே. சாயங்காலம் தொலைக்காட்சி பார்த்தபடியே அம்மா அதன் காதையும் கால்விரல் இடுக்கையும் தடவித் தடவிப் பார்ப்பார், பிள்ளைக்குப் பேன் பார்ப்பது போல. உண்ணி கிடைத்தால் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுவார்.

போன செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பாட்டை விட்டது. பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கிளினிக்கில் காய்ச்சல் என்று ஊசி போட்டார்கள், மறுநாளும் அதே ஊசி, அதற்கு மறுநாளும் அதே. ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. என்ன ஆச்சு, எப்போதிலிருந்து என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, அது இன்றைக்கும் உறுத்துகிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அம்மா தன் பழைய சேலையைக் கிழித்துத் துடைத்துக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை காலை நாயைப் பார்த்ததும் மூன்று ஆட்டோக்கள் நிற்காமல் போய்விட்டன. நான்காவதாக வந்த தம்பி எதுவும் கேட்காமல் பின்சீட்டில் ஒரு சாக்கை விரித்து, "ஏத்துங்கம்மா, வேப்பேரிக்குத்தான?" என்றார்.

வேப்பேரி ஆஸ்பத்திரி என்று எல்லாரும் சொல்வது சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை. 1903இல் எங்கள் பக்கத்துச் சைதாப்பேட்டையில்தான் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் கல்லூரியைத் தொடங்கியிருக்கிறார்கள், 1905இல் வேப்பேரிக்கு மாறியிருக்கிறது. 1989இல் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்தபோது அதற்குள் வந்துவிட்டது. கல்லூரி மருத்துவமனை என்பதால் படிக்கிற பிள்ளைகள்தான் முதலில் நம் நாயைப் பார்ப்பார்கள், பிறகு பேராசிரியர்கள் வருவார்கள். மாணவர்கள் கையில் கொடுக்கவேண்டுமா என்று தயங்குகிறவர்கள் உண்டு, நானும் தயங்கினேன். ஆனால் எங்கள் விஷயத்தில் அதுதான் மல்லியைக் காப்பாற்றியது என்று இப்போது நினைக்கிறேன், காரணம் அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள்.

ஓபி சீட்டு போடும்போது இனம் என்ற இடத்தில் நாட்டு நாய் என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் தெருவில் "தெருநாய்க்குப் போயா இவ்வளவு அலையறீங்க" என்று பத்து வருடமாகக் கேட்டுக் கேட்டு, மல்லிக்காக எதைச் செய்தாலும் யாரிடமாவது காரணம் சொல்லவேண்டும் என்று எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. அங்கே யாருக்கும் காரணம் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பிறகு ஒரு மாணவி நோட்டோடு வந்து அம்மாவுக்கு எதிரே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கடைசியாக எப்போது சாப்பிட்டது, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது, மூத்திரம் என்ன நிறம், படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, வீட்டில் உண்ணி பார்த்தீர்களா, எந்த மாதத்தில். கால் மணி நேரமாவது இருக்கும். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், ஆஸ்பத்திரி என்றாலே வாய் திறக்கமாட்டார். அன்றைக்கு அவர் பேசியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"செவ்வாக்கெழம ராத்திரி தயிர்சோத்த மோந்து பாத்துட்டு விட்ருச்சு. புதன்கெழம கேட்டுச் சத்தம் கேட்டும் எந்திரிக்கல. அது எந்திரிக்காம இருந்ததே இல்லம்மா. ஆவணி கடைசில காதுக்குள்ள நாலு உண்ணி எடுத்தேன், அதுல ரெண்டு நல்லாப் பெருத்தது. வியாழக்கெழமைல இருந்து மூத்திரம் டீத்தண்ணி கலர்ல போவுது."

அந்தப் பெண் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். பெரிய டாக்டர் வந்து நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, "அம்மா சொன்னதுலயே பாதி தெரிஞ்சுபோச்சு" என்றார். அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். பத்து வருடமாக ஒரு வாயில்லா ஜீவனை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததற்கு முதல்முறையாக ஒரு மதிப்பு கிடைத்தது. நாய் தன் வலியைச் சொல்லாது, அதோடு வாழ்கிறவர் சொன்னால்தான் உண்டு, அதைக் கேட்டு வாங்கத் தெரிந்த இடம் இது. இந்த மருத்துவமனையைப் பற்றி ஒன்றுதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தார்கள். உண்ணிக் காய்ச்சல். நாய் உண்ணி கடிக்கும்போது இரண்டு வகைக் கிருமிகள் உள்ளே போகலாம்: எர்லிக்கியா வெள்ளையணுக்களுக்குள் குடியேறி, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைக்கும், பபேசியா சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும். மல்லிக்கு இரண்டும் இருந்தது. தட்டணு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கவேண்டிய இடத்தில் 28,000, அதனால்தான் மூக்கில் ரத்தம். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு குறைந்தபட்சம் 37 சதவீதம் இருக்கவேண்டும், மல்லிக்கு 13. உடனே ரத்தம் ஏற்றவேண்டும் என்றார்கள்.

நாய்க்கு ரத்தம் என்றால் இன்னொரு நாய்தான் தரவேண்டும். வேப்பேரியில் விலங்குகளுக்கான ரத்த வங்கியே இருக்கிறது, ஆனால் மனிதர்களுக்குச் சேர்ப்பது போல ரத்தம் சுலபமாகக் கிடைத்துவிடாது, நாயை வளர்க்கிறவர் மனசு வைத்து அழைத்து வந்தால்தான் உண்டு. 25 கிலோவுக்கு மேல் எடை, ஒன்றிலிருந்து எட்டு வயதுக்குள், தடுப்பூசிகள் சரியாகப் போட்டிருக்கவேண்டும், உண்ணிக் காய்ச்சல் இருக்கக்கூடாது. நாய்களுக்கும் ரத்தப் பிரிவுகள் உண்டு என்றாலும் முதல் தடவை ஏற்றும்போது பெரும்பாலும் ஒவ்வாமை வராதாம், இருந்தாலும் இரண்டு ரத்தத்தையும் கலந்து பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறார்கள்.

தெரிந்தவர்கள் யாரிடமாவது பெரிய நாய் இருக்கிறதா என்று நான் போனில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் ஒருவர், காசிமேட்டில் ஐஸ் வண்டி ஓட்டுகிறவர், தன் லாப்ரடாருக்கு வருடாந்திரத் தடுப்பூசி போட வந்திருந்தார். டைகர் என்று பெயர், 34 கிலோ. நான் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தார். "எங்க டைகர் குடுப்பான் சார். எடுத்தா அவனுக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?" அதுவரை அவர் யாரோ, நாங்கள் யாரோ. டாக்டர் அவருக்குப் பொறுமையாக விளக்கினார், இந்த எடையுள்ள நாய் இவ்வளவு கொடுத்தால் சில வாரங்களில் ஊறிவிடும் என்று. அவர் டைகரின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கழுத்து நரம்பில் ஊசி ஏறியபோது அதன் கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். தன் கண்ணையும் மூடிக்கொண்டார். தடுப்பூசியை இன்னொரு நாள் வந்து போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

மல்லிக்கு ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய நாலு மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் கூடத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்கறிக் கூடையில் துண்டு போட்டு மூடிய பூனைக்குட்டியோடு பள்ளிச் சீருடையில் ஒரு பையன். காலில் கட்டுப்போட்ட வெள்ளாட்டை மடியில் வைத்திருந்த பாட்டி. கார் டிரைவர் குடை பிடிக்க இறங்கி வந்த ஒரு அம்மாவும் அவருடைய கிழட்டு பொமரேனியனும். ஒரு ராஜபாளையம், நின்றால் என் இடுப்புக்கு மேல். யாரும் யாரையும் என்ன வேலை, எந்த ஏரியா என்று கேட்கவில்லை. "என்ன ஆச்சு இதுக்கு?" என்பதுதான் ஒரே கேள்வி, கேட்டுவிட்டு உண்மையாகவே பதிலைக் கேட்டார்கள். ஆட்டுப்பாட்டி போகும்போது மல்லியின் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மல்லி எழுந்து நின்று தண்ணீர் குடித்தது. டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரை 28 நாள், ஒருநாள்கூட விடக்கூடாது, வெறும் வயிற்றில் கொடுக்கக்கூடாது. நான்கு நாளில் நாய் துள்ள ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், நோய் திரும்பி வருகிறது, இதைப் பல தடவை சொல்லி அனுப்பினார்கள். அம்மா காலண்டரில் தினமும் மஞ்சளால் பொட்டு வைத்துக் கணக்கு வைத்தார்.

வீட்டையும் கவனிக்கச் சொன்னார்கள், இது எனக்குப் புதிது. உண்ணி நாய் உடம்பில் இருப்பது கொஞ்ச காலம்தான், முட்டையிடுவது சுவர் விரிசலிலும் கதவு நிலைக்குப் பின்னாலும், ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும். மாடிப்படிக்குக் கீழே சிமெண்டு பூசி அடைத்தோம். மண்ணெண்ணெயை நாய் மேல் தடவுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள், தோல் வெந்துவிடும், நக்கினால் உள்ளேயும் போகும். உண்ணியை நகத்தால் நசுக்கவும் வேண்டாம். நாமாகவே மனித மாத்திரை கொடுப்பது அதைவிட ஆபத்து, பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் போதும் உயிர் போவதற்கு.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலையில் ஓபி திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், பல மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். பழைய தடுப்பூசி அட்டை, முன்பு கொடுத்த மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். நாய்க்குக் கயிறும் வாய்க்கூடும் கட்டாயம், சாதுவான நாய்கூட அத்தனை வாசனைக்கு நடுவில் மிரளும். விரிக்க ஒரு பழைய போர்வை, தண்ணீர்க் கிண்ணம், ஒரு முழு நாள். பதிவுக் கட்டணம் சொற்பம்தான், சில மருந்துகளை வெளியே வாங்கவேண்டியிருக்கும். முக்கியமாக, நாய்க்குச் சோறு வைக்கிறவர் யாரோ அவரை அழைத்துப் போங்கள். ஆங்கிலம் தெரிந்தவர், பேசத் தெரிந்தவர் என்று வேறு யாரையும் அனுப்பாதீர்கள். நான் மட்டும் தனியாகப் போயிருந்தால் "மூணு நாளா காய்ச்சல்" என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

உங்களிடம் 25 கிலோவுக்கு மேல் ஆரோக்கியமான நாய் இருந்தால், அடுத்த தடவை தடுப்பூசிக்குப் போகும்போது ரத்தம் கொடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

மல்லிக்கு இப்போது தட்டணு 1,90,000. காசிமேட்டு அண்ணன் வாரம் ஒருமுறை போன் செய்து, "தங்கச்சி சாப்புடுதா?" என்று கேட்கிறார், தங்கச்சி என்பது டைகருக்குத் தங்கச்சி. போன ஞாயிறு ஐஸ் பெட்டியில் வஞ்சிரத் தலை இரண்டு கொடுத்து அனுப்பியிருந்தார், அம்மா அதை மஞ்சள் மட்டும் போட்டு வேகவைத்து முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து வைத்தார். அடுத்த ரத்தப் பரிசோதனை திங்கட்கிழமை. அந்த ஆட்டோத் தம்பியிடம் அம்மா இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.