மைக்ரோஸ்கோப்புக்கான 3 வாட் எல்.இ.டி. கிட்: வெளிச்சம் சரி, ஹீட்சிங்க் போதாது

6 வோல்ட் 20 வாட் ஹாலஜன் பல்பு போட்ட பழைய காலேஜ் மைக்ரோஸ்கோப்புகளை எல்.இ.டி.க்கு மாற்ற, பிராண்டு பெயர் இல்லாத கிட்டுகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. 20 மி.மீ. நட்சத்திர வடிவ அலுமினியத் தட்டில் பதித்த ஒற்றை 3 வாட் எல்.இ.டி., சூட்டை உறிஞ்சிக் காற்றில் விடும் ஓர் அங்குல உலோக ஹீட்சிங்க், எல்.இ.டி.க்குப் போகும் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் 700 மில்லி ஆம்பியர் டிரைவர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். எல்.இ.டி.யைக் குறை சொல்ல முடியாது. 100எக்ஸ் ஆயில் லென்ஸுக்கும் வெளிச்சம் தாராளம். கோட்டை விட்டது ஹீட்சிங்க்கில்தான்.

20 வாட் எரிந்த இடத்தில் 3 வாட்தானே, சூடு எங்கிருந்து வரும் என்று தோன்றும். ஹாலஜன் இழை சூடாக இருந்தால்தான் எரியும். வெப்பத்தில் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக வெளியே தள்ளிவிடும். எல்.இ.டி.யின் சூடோ முதுகுப் பக்கமாக, உலோகம் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். 700 மில்லி ஆம்பியரில், சுமார் 3 வோல்ட்டில் அது இழுப்பது 2.1 வாட். அதில் ஏறக்குறைய 1.5 வாட் சூடாகப் போகும். இந்த அளவு ஹீட்சிங்க், விசிறி இல்லாமல், வாட்டுக்கு 20 டிகிரியாவது ஏறும். ஆக 30 டிகிரி. சித்திரை வெயிலில் மூடிய அடிப்பெட்டிக்குள் காற்றே 45 டிகிரி இருந்தால், தட்டு 75-க்குப் போய்விடும். எல்.இ.டி.க்குள் ஒளிவிடும் சில்லு அதையும் தாண்டும். உடனே எரிந்துபோகாது. ஆனால் வெளிச்சம் மங்கும், நிறம் நகரும், ஆயுள் குறையும். 10 வாட் சி.ஓ.பி. (பல சில்லுகளை ஒரே தட்டில் நெருக்கிப் பதித்த எல்.இ.டி.) போடலாமே என்று கேட்பவர்கள் இதே கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

கிட்டோடு வரும் ஹீட்சிங்கை ஓரமாக வைத்துவிடுங்கள். மைக்ரோஸ்கோப்பின் வார்ப்பு அலுமினிய உடம்பே பெரிய ஹீட்சிங்க். 3 மி.மீ. கனமுள்ள அலுமினிய ஆங்கிள் (‘L’ வடிவப் பட்டை) துண்டு ஒன்றை, பல்பு ஹோல்டர் இருந்த இடத்தில் உடம்போடு சேர்த்துத் திருகுங்கள். படும் இடத்தில் பெயின்டை எமரி பேப்பரால் தேய்த்து உலோகம் தெரிய வைத்தால்தான் சூடு கடக்கும். அடிப்பெட்டி பிளாஸ்டிக்காக இருந்தால் இந்த வழி நடக்காது, 50 மி.மீ. ஹீட்சிங்க் போட்டு, கீழேயும் மேலேயும் காற்றுத் துளை விட வேண்டும்.

நட்சத்திரத் தட்டுக்கு அடியில் தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) ஒரு நெல்லளவு போதும். அழுத்தி ஒருமுறை கழற்றிப் பாருங்கள்: பின்பக்கம் முழுக்க மெல்லிய படலம் பரவியிருந்தால் சரி. நடுவில் வெறும் உலோகம் பளிச்சென்று, ஓரத்தில் மட்டும் பேஸ்ட் ஒட்டியிருந்தால் ஆங்கிள் சமமாக இல்லை, அரம் போட வேண்டும். திருகுக்கு நைலான் வாஷர் அவசியம். எம்3 திருகின் தலை சால்டர் புள்ளியைத் தொட்டால் ஷார்ட் ஆகும். ஒரு பக்கத்தை மட்டும் முறுக்கினால் தட்டு வளைந்து எதிர்ப்பக்கம் தூக்கிவிடும். ஹாட் குளூவால் ஒட்டும் வேலையே வேண்டாம், சூட்டில் இளகும்.

டிரைவரும் சூடாகும், அதனால் பெட்டிக்கு வெளியே வையுங்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மரையும் டிம்மரையும் கழற்றிவிட்டு 12 வோல்ட் 1 ஆம்பியர் டி.சி. அடாப்டர் கொடுப்பதே நல்லது. 230 வோல்ட் வரும் பெட்டி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும். டிரைவர் இல்லாமல் நேரடி வோல்ட்டேஜ் கொடுக்காதீர்கள்: சூடு ஏற எல்.இ.டி.யின் வோல்ட்டேஜ் இறங்கும், கரன்ட் கூடும், இன்னும் சூடாகும். இன்னொரு குறை, குமிழ் பி.டபிள்யூ.எம். முறையில், அதாவது எல்.இ.டி.யை வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டு, வெளிச்சத்தைக் குறைக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமரா பொருத்தினால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும்.

முழு வெளிச்சத்தில் மூடியைப் போட்டு அரை மணி நேரம் எரியவிட்டு, மல்டிமீட்டரின் தெர்மோகப்பிளை (சூடு அளக்கும் கம்பி) தட்டின் விளிம்பில் வைத்து அளக்கலாம். 60 டிகிரிக்குள் நின்றால் கவலையில்லை. 80-ஐ நெருங்கினால் பேஸ்டையும் பெயின்டையும் மறுபடி பாருங்கள்.

சில்லு, பழைய இழை இருந்த அதே உயரத்தில், அதே அச்சில் உட்கார வேண்டும். நகர்ந்தால் ஒரு பக்கம் இருண்டு தெரியும். ஹாலஜனுக்காகப் போட்ட நீல ஃபில்டரை எடுத்துவிடுங்கள். சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு, உச்சம் 100) 90-க்கு மேல் உள்ள எல்.இ.டி.யாகக் கேட்டு வாங்கினால் சாயமேற்றிய ஸ்லைடில் இளஞ்சிவப்பு ஒழுங்காகத் தெரியும்.

பழைய பல்பு ஹோல்டரிலேயே அப்படியே செருகும் ஜி4 (இரண்டு ஊசிக் கால்) எல்.இ.டி. கேப்சூல் இதைவிட மலிவு, ஆனால் வாங்க வேண்டாம். சுற்றிலும் பல சில்லுகள் இருப்பதால் ஒளி ஒரு புள்ளியில் குவியாது. சூடு இறங்க அதற்கு இருப்பது இரண்டு மெல்லிய கம்பிக் கால்கள்.