தானாக நூல் வெட்டும் தையல் மிஷின்: கூடுவது 20 சதவீதமா, 25 சதவீதமா?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் ஒரு மிஷின் கடையில், தானாக நூல் வெட்டும் டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் மோட்டார் நேராகச் சுற்றும்) மிஷின் வாங்கி எங்கள் தண்டையார்பேட்டை நைட்டி யூனிட்டில் ஓட்டுகிறோம். மிஷின் அருமை. தைத்து முடித்ததும் பெடலைக் குதிகாலால் பின்னால் அழுத்தினால் போதும், அடியில் இருக்கும் கத்தி நூலை வெட்டிவிடும், கத்தரிக்கோலை எடுக்கிற வேலையே இல்லை. பழைய கிளட்ச் மோட்டார் தைக்காதபோதும் சுற்றிக்கொண்டே இருக்கும். இது மிதித்தால்தான் ஓடும், கரண்ட் மிச்சம்.

கடைக்காரர் "வேலை 20 சதவீதம் கூடும்ணா" என்று சொல்லித்தான் விற்றார். உண்மையில் அவர் குறைத்துச் சொல்லிவிட்டார். ஒரு நைட்டிக்கு 20 நிமிஷம் ஆனது, இப்போது 16 நிமிஷம்; நேரம் 20 சதவீதம் குறைந்தது, சரி. ஆனால் 8 மணி நேரத்தில், அதாவது 480 நிமிஷத்தில், 24 பீஸ் வந்த இடத்தில் 30 வருகிறது. கூடிய 6-ஐப் பழைய 24-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள், 25 சதவீதம். புதிய 30-ஆல் வகுத்தால் 20 வரும், அது தப்பு. கூடியது எவ்வளவு என்று பார்க்க எப்போதும் பழைய எண்ணால்தான் வகுக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், பீஸ் ரேட், அதாவது ஒரு பீஸுக்குக் கொடுக்கும் கூலி, இதில்தான் நிற்கிறது. பீஸுக்கு 30 ரூபாய் என்றால் டெய்லருக்கு முன்பு நாளுக்கு 720. "வேலை 25 சதவீதம் கூடிடுச்சு, ரேட்டை 25 சதவீதம் குறை" என்று முதலாளி சொன்னால் கேட்க நியாயம் மாதிரி இருக்கும், ஆனால் ரேட் 22.50 ஆகி, 30 பீஸ் தைத்தும் கையில் 675தான். ஆறு பீஸ் அதிகம் தைத்தவருக்கு 45 ரூபாய் நஷ்டம்! பழைய 720 கிடைக்கவே ரேட்டை 20 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. நாங்கள் 28 ரூபாய் வைத்தோம், நாளுக்கு 840 வருகிறது, மிஷின் கடனும் அடைகிறது.

அப்புறம், புது மிஷினில் கை பழகும் வரை நாளுக்கு 18 பீஸ்தான் வந்தது. அந்த 18-ஐ வைத்து 30-ஐப் பார்த்தால் 66 சதவீதத்துக்கும் மேல் கூடின மாதிரி தெரியும். அந்தக் கணக்கை யார் காட்டினாலும் நம்பாதீர்கள், பழைய மிஷினில் வந்த 24-தான் அடிப்படை. ஆல்டர் பீஸை, அதாவது தப்பாகத் தைத்துத் திருத்த வேண்டியதை, பழைய கணக்கிலும் புதிய கணக்கிலும் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

சர்வீஸ்தான் கொஞ்சம் மந்தம், கத்தி மழுங்கினால் ஆள் வர இரண்டு மூன்று நாள் ஆகிவிடுகிறது. வாங்கும்போதே ஒரு செட் கத்தி கூடக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.