குன்னூரில் ஓர் ஒலிப்பதிவு அறை: கண்ணை மூடிக் கேட்கிறவர்கள்

குன்னூர் பெட்ஃபோர்டிலிருந்து இறங்கும் ஒரு சந்தில், பெயர்ப்பலகை இல்லாத ஒலிப்பதிவு அறை ஒன்று இருக்கிறது. முன்பு தேயிலைப் பெட்டி அடுக்கிய கிடங்காம். கல்லூரி இறுதியாண்டுக்காக நான் வரைந்த 3 நிமிடம் 40 விநாடி அனிமேஷன் படத்தின் ஒலியைச் சரிசெய்ய அங்கே மூன்று சனிக்கிழமைகள் போனேன். மணிக்கு 400 ரூபாய். மொத்தம் 7 மணி நேரத்துக்கு 2,800 ரூபாய். விடுதியில் தங்கிப் படிக்கும் எனக்கு அது பெரிய தொகை. அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது என்பதை அடுத்துப் போகப்போகும் மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

படம் என் அம்மாயியை, அதாவது அம்மாவின் அம்மாவைப் பற்றியது. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் தலைமன்னாரில் கப்பலேறி வந்து, கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறித்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். ஒருநாள் விடியற்காலை மூடுபனிக்குள் ஒரு காட்டெருமைக்கு முன்னால் அவர் தனியாக நின்ற கதைதான் படம். வரைவதற்கு ஏழு மாதம் எடுத்துக்கொண்டேன். ஒலிக்கு ஒதுக்கியது நான்கு நாள். அந்தக் கணக்கு எவ்வளவு தவறு என்று முதல் சனிக்கிழமையே தெரிந்துவிட்டது.

அறையை நடத்தும் அண்ணன் என் படத்தைப் பார்க்கவே இல்லை. "திரையை அணைத்துவிடம்மா, முதலில் காதுக்கு மட்டும் போடு" என்றார். அவர், உதவிக்கு இருக்கும் தம்பி, பக்கத்து வீட்டில் தையல் தைக்கும் அக்கா, மூவரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் ஆளுக்கொரு தாள். என்ன கேட்டது, எங்கே குழம்பியது, இவ்வளவுதான் எழுத வேண்டும். நன்றாக இருக்கிறது, இல்லை என்று எழுதக் கூடாது. நான் 2,800 ரூபாய் கொடுத்தது முக்கியமாக அந்த மூன்று தாள்களுக்குத்தான் என்பேன்.

நான் மழை வைத்த இடத்தில் அக்கா, "எண்ணெயில் ஏதோ பொரிகிறது" என்று எழுதியிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் என்ற இணைய ஒலித் தொகுப்பிலிருந்து இறக்கிய தரமான பதிவு அது. பதிவில் குறை இல்லை. நான் பொருந்தாத இடத்தில் வைத்திருந்தேன். "மழைக்கென்று தனிச் சத்தம் கிடையாதம்மா, அது விழுகிற இடத்துக்குத்தான் சத்தம்" என்றார் அண்ணன். அன்றிரவு எங்கள் லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசைவீடு) தகரக் கூரைக்குக் கீழே ரிகார்டரை வைத்தேன். கூரை மேல் மழை, ஓரத்திலிருந்து வாளியில் சொட்டும் நீர், தேயிலை இலைமேல் விழும் துளி என்று மூன்றையும் தனித்தனியாக எடுத்துக் கலந்தேன். இரண்டாவது வாரம் யாரும் எண்ணெய் என்று எழுதவில்லை.

காலடியும் அப்படித்தான். வெறுங்காலுடன் ஈர மண்ணில் நடக்கும் அம்மாயிக்கு, சாலையில் தோல் செருப்பு நடக்கும் ஒலியை வைத்திருந்தேன். அண்ணன் நனைந்த சாக்கு ஒன்றைத் தரையில் விரித்து, உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி எடுக்கச் சொன்னார். படத்துக்கேற்ற ஒலிகளைக் கையால் செய்து பதிகிற, யூனிவர்சல் ஸ்டுடியோவில் ஜாக் ஃபோலி தொடங்கிவைத்த வேலை இதுதான் என்று வகுப்பில் படித்திருந்தேன். என் கையால் செய்தபோதுதான் புரிந்தது. கொழுந்தைக் கிள்ளும் ஒலிக்கு ஊட்டி பீன்ஸ். இளசான பீன்ஸை மைக்குக்குப் பக்கத்தில் ஒடித்தால் அத்தனை பொருத்தம்.

காட்டெருமைதான் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது. நான் ஒரு மாட்டின் கத்தலை வைத்திருந்தேன். உதவிக்கு இருக்கும் தம்பி தும்மனட்டிப் பக்கத்துப் பையன். காட்டெருமை மிரண்டால் இப்படிக் கத்தாது, மூக்கால் சீறும் என்று எழுதியிருந்தான். கூடவே, "பின்னால் கூவும் குயில் நம் ஊர்க் குயில் இல்லை." இரண்டும் உண்மை. குயிலை எடுத்துவிட்டு, எங்கள் சோலையில் நானே பதிந்த நீலகிரிச் சிரிப்பான் பறவையின் குரலை வைத்தேன். சீற்றத்தை அண்ணனே தோல் பைக்குள் மூச்சுவிட்டுச் செய்துகாட்டினார். பெரிய ஸ்பீக்கரில் நெஞ்சு அதிர்ந்தது. அதையே என் கைபேசியில் போட்டார், ஒன்றுமே இல்லை. கைபேசியின் சின்ன ஸ்பீக்கர் கனத்த ஒலியைத் தாங்காது. அதனால் அடியிலுள்ள உறுமலோடு, மேலே கரகரப்பான மூச்சுக் காற்றையும் சேர்த்தோம். இப்போது எதில் கேட்டாலும் விலங்கு அங்கே நிற்கிறது.

சுள்ளி ஒடியும் ஒலி படத்துக்கு 3 ஃபிரேம் முந்தி வந்திருந்தது. விநாடிக்கு 24 ஃபிரேம் என்பதால் அது எட்டில் ஒரு பங்கு விநாடி. இவ்வளவு நுணுக்கமா என்று கேட்டேன். தூரத்தில் விறகு வெட்டுகிறவரைப் பார்த்தால் கோடரி முதலில் தெரியும், ஓசை பின்னால் வரும். ஒலி முந்தினால் மட்டும் மனம் ஒப்பாது என்றார் அண்ணன். சரிசெய்து பார்த்தேன், அவர் சொன்னது சரி.

பின்னணிக் குரல் என்னுடையது. வீட்டில் பதிந்து, ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் இரைச்சலை 24 டெசிபல் குறைத்திருந்தேன். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருப்பதாக மூன்று தாளிலும் இருந்தது. அண்ணன் 6 டெசிபலோடு நிறுத்தி, மீதியை மழை மூடிக்கொள்ளும் என்றார். மூடிக்கொண்டது. ஆனாலும் குரலே சரியில்லை; செய்தி வாசிப்பதுபோல் பேசியிருக்கிறேன். புதிதாகப் பதிந்தபோது, அக்காவை என் எதிரே உட்காரவைத்து அவருக்குக் கதை சொல்லச் சொன்னார். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி வைத்தார், 'ப' வரும் இடத்தில் காற்று மோதாதிருக்க. "அம்மாயி கூடையை இறக்கினார்" போன்ற, படமே சொல்லிவிடும் வரிகளை எல்லாம் அடித்தோம். 210 சொற்கள் 118 ஆயின. மூன்றாம் முறை பேசியதைத்தான் வைத்திருக்கிறேன். அதில் ஓரிடத்தில் என் குரல் லேசாக நடுங்குகிறது. அதை விடச் சொன்னவர் அக்கா.

குறைகளும் உண்டு. மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு இல்லை. இரண்டாம் வாரம் முக்கால் மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன் (அதற்குக் காசு வாங்கவில்லை). பள்ளி விடும் நேரத்தில் வாகன ஒலிப்பான்கள் சுவரைத் தாண்டி வருகின்றன. ஆகவே குரலைக் காலையிலேயே பதிந்துவிட வேண்டும். ஜன்னலோர மூலையில் எதிரொலி இருக்கிறது, கம்பளி கேட்டுத் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு இசையில் பிடிவாதம் அதிகம். கடைசிக் காட்சிக்கு வீணை வேண்டும் என்று இரண்டு வாரம் சொன்னார். நான் மறுத்தேன். அந்த இடத்தில் எனக்கு மழையும் மூச்சும் போதும். அவர் வருத்தப்பட்டாலும் என் விருப்பப்படியே கலந்துகொடுத்தார்.

போன ஞாயிறு, முடிந்த படத்தை அம்மாயிக்குப் போட்டுக்காட்டினேன். காட்டெருமை வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கூடையில் கொழுந்து விழுகிற சத்தம் தப்பு" என்றார். "காலையில் கூடை வெறுமையாக இருக்கும், பிடிக் கொழுந்து விழுந்தால் சரசரவென்று கேட்கும். மதியத்தில் பாதிக் கூடை நிறைந்தபின் சத்தமே வராது. நீ நாள் முழுக்க ஒரே சத்தம் வைத்திருக்கிறாய்."

அந்த மூவருக்கும் படாத தவறு இது. பரணிலிருந்து அவருடைய பழைய கூடையை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்கு அறையைச் சொல்லிவைத்தாயிற்று. அம்மாயியும் உடன் வருகிறார். கொழுந்தை அவர் கையால்தான் போடுவாராம்.